பழைய ஃப்ளூட்டின் முத்திரைகளைப் படித்து மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே மூன்று துண்டாக ஓர் உலோகக் குழல். அல்லது வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் கொடுத்துவிட்டுப் போனது. அல்லது யாரோ விற்பனைக்குப் போட்ட படம். எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்தான்: இது என்ன, என்ன பெறும்?

இங்கே பேசப்போவது மேற்கத்திய ஃப்ளூட்டைப் பற்றி. தியோபால்ட் போம் என்பவர் 1847-ல் மியூனிக்கில் உருவாக்கிய உருளைக் குழாய் வடிவம்தான் இன்றுவரை அதன் அடிப்படை. படிக்கத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையை விட்டுக் கிளம்பிய நாளில் அந்தக் கருவி என்னவாக இருந்தது என்பதை முத்திரை சொல்லும். இன்று அதன் மதிப்பு என்ன என்பதைக் கருவியின் நிலைதான் சொல்லும். முதலாவதை மட்டும் தெரிந்துகொண்டு விலை பேசுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முத்திரைகள் எங்கெல்லாம் இருக்கும்?

ஃப்ளூட்டுக்கு மூன்று பகுதிகள்: தலை, நடு உடல், கால். நடு உடலின் மேல் முனையில், தலையைச் செருகும் இடத்தில், சற்றுத் தடித்த குழாய் ஒன்று இருக்கும். அதைப் பேரல் என்பார்கள். தயாரித்தவரின் பெயர், ஊர், சில சமயம் மாதிரியின் எண் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான். சீரியல் எண் பேரலின் மேலேயோ அதற்குச் சற்றுக் கீழே உடலிலோ இருக்கும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். தலையைக் கழற்றி, உடலுக்குள் செருகும் முனையைப் பாருங்கள். உலோகத்தின் தரக்குறி பல கருவிகளில் அங்கேதான் ஒளிந்திருக்கும். காலின் வளையத்தையும் பாருங்கள். பெட்டியின் மூடியில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பது ஆண்டுகளில் ஒரு ஃப்ளூட்டுக்குப் பெட்டி மாறியிருப்பது சாதாரணம்.

கண்டதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: புள்ளி, சுருக்கெழுத்து, வரி பிரிந்திருக்கும் விதம் எல்லாவற்றையும். பிறகு தேடும்போது அந்தச் சிறு வேறுபாடுகள்தான் இரண்டு மாதிரிகளைப் பிரித்துக் காட்டும்.

எழுத்து தெரியவில்லை. பளபளப்பாகத் தேய்த்துவிட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். வெள்ளிக் குத்துவிளக்கை விபூதியாலும் பல்பொடியாலும் தேய்த்துப் பழகிய கை ஃப்ளூட்டையும் அப்படித்தான் தேய்க்கப் பார்க்கும். தூள் கீகளின் (துளைகளை மூடித் திறக்கும் மூடிகளின்) அச்சுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். புளித்தண்ணீரோ, கடையில் விற்கும் முக்கியெடுக்கும் திரவமோ பட்டால் பேடுகள் ஊறிக் கெட்டுவிடும். பேடு என்பது கீயின் உட்புறம் இருக்கும் வட்டம்: ஃபெல்ட் துணியின் மேல் மெல்லிய சவ்வைப் போர்த்தியது. அது கெட்டால் துளை மூடாது, ஒலி வராது.

உலர்ந்த பருத்தித் துணியால் மெல்லத் துடையுங்கள். இருட்டறையில் கைபேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்த எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கட்டி நிற்கும்.

எழுத்துகள் எல்லா இடத்திலும் மங்கி, விளிம்பு மழுங்கியிருந்தால், அந்தக் கருவியை யாரோ இயந்திரச் சக்கரத்தில் வைத்துப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதில் உலோகமே தேய்ந்துபோயிருக்கும். கூரான, கறுத்த முத்திரையோடு அழுக்காக இருக்கும் ஃப்ளூட், முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் மழுங்கிய ஃப்ளூட்டைவிட எனக்கு எப்போதும் மேலானது.

‘ஸ்டெர்லிங்’ என்று இருக்கிறது. முழுவதும் வெள்ளிதானே?

பெரும்பாலும் இல்லை. ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. நகைக்கடைகளில் 925 என்று பார்ப்பதும் இதுதான். ஆனால் அந்தச் சொல் எந்தத் துண்டின் மேல் இருக்கிறதோ, அந்தத் துண்டுக்கு மட்டும்தான் அது பொறுப்பு.

உலோக ஃப்ளூட்டுகளை நான்கு படிகளாகப் பிரித்துப் பாருங்கள். முதல் படி, எல்லாமே கலப்பு உலோகம், மேலே வெள்ளி முலாம் அல்லது நிக்கல் முலாம். இரண்டாவது, தலை மட்டும் வெள்ளி. மூன்றாவது, தலை, உடல், கால் ஆகிய குழாய்கள் வெள்ளி, கீகள் முலாம். நான்காவது, கீகள் உட்பட வெள்ளி. அப்போதும் உள்ளே ஓடும் கம்பிகள் எஃகாகவே இருக்கும். வாய்த்தட்டு, அதாவது ஊதும்போது உதடு படும் தகடு, மட்டும் வெள்ளியாக உள்ள மாதிரிகளும் உண்டு.

விற்பவர்கள் மிக அதிகமாகத் தவறு செய்வது இரண்டாம் படியில்தான். தலையில் ‘ஸ்டெர்லிங்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்து, “முழு வெள்ளி ஃப்ளூட்” என்று எழுதிவிடுகிறார்கள். பலர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். ஆகவே உடலிலும் காலிலும் தனித்தனியே தரக்குறி இருக்கிறதா என்று படம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நாட்டுக்கு நாடு தரக்குறி வேறுபடும். அமெரிக்கக் கருவிகளில் சொல்லாகவே எழுதியிருக்கும். சில பழைய அமெரிக்கக் கருவிகள் ‘காயின் சில்வர்’, அதாவது 900 தரம். பிரிட்டன் கருவிகளில், நடக்கும் சிங்கத்தின் உருவம் ஸ்டெர்லிங்கைக் குறிக்கும், சிறுத்தைத் தலை லண்டன் சோதனைச்சாலையைக் குறிக்கும், கூடவே ஓர் எழுத்து ஆண்டைக் குறிக்கும். பிரெஞ்சு வெள்ளியில் 1838 முதல் மினர்வா தேவியின் தலை. அதன் பக்கத்தில் 1 என்று இருந்தால் 950 தரம், 2 என்று இருந்தால் 800. இவையெல்லாம் கடுகளவு இருக்கும், பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது.

‘நிக்கல் சில்வர்’, ‘ஜெர்மன் சில்வர்’ என்று இருந்தால்?

வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. ஜெர்மன் மொழியில் ‘நாய்சில்பர்’ என்றும், பிரெஞ்சில் ‘மைஷோர்’ என்றும் இதையே சொல்வார்கள். தரக்குறைவான பொருள் என்று தள்ளிவிட வேண்டாம். உலகின் பெரும்பான்மை மாணவர் ஃப்ளூட்டுகள் இதில்தான் செய்யப்படுகின்றன, நன்றாகவே ஒலிக்கின்றன. விலை பேசும்போது வெள்ளி என்ற பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான்.

முத்திரை இல்லாமல் வெள்ளியா முலாமா என்று கண்டுபிடிக்க முடியுமா?

விரல்கள் ஓயாமல் படும் இடங்களைப் பாருங்கள்: இடது கை ஆள்காட்டி விரல் உடலைத் தாங்கும் இடம், வலது கட்டைவிரல் தாங்கும் இடம், வாய்த்தட்டின் விளிம்பு. அங்கே மஞ்சள் கலந்த அல்லது சாம்பல் நிற உலோகம் எட்டிப் பார்த்தால் முலாம். மேல்தோல் உரிந்து கொப்புளித்திருந்தாலும் முலாம்தான்.

கறுத்துப்போவதை வைத்து முடிவு செய்ய முடியாது. வெள்ளி முலாமும் வெள்ளியைப் போலவே கறுக்கும். காந்தமும் உதவாது, வெள்ளியையும் நிக்கல் சில்வரையும் அது ஒட்டாது. நகைக்கடையில் தரம் பார்க்கும் இயந்திரம் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. தடித்த முலாம் போட்ட கருவியை வெள்ளி என்றே காட்டிவிடக்கூடும். உரைத்துப் பார்த்து அமிலம் விடுவது வளையலுக்குச் சரி, ஃப்ளூட்டுக்குக் கூடாது. கோடு கோடாகத் தழும்பு விழுந்த கருவியை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள்.

சீரியல் எண்ணை வைத்துத் தயாரித்த ஆண்டைச் சொல்ல முடியுமா?

சில நிறுவனங்களுக்கு மட்டும் முடியும். அதுவும் எந்த நிறுவனம் என்று உறுதியான பிறகுதான். எண் மட்டும் தனியே ஒன்றும் சொல்லாது. “எண் 1,375 இருக்கிறது, என்ன மதிப்பு?” என்று கேட்டால் பதில் கிடையாது.

ஒவ்வொரு பட்டறையும் தன் வேகத்தில் எண்ணிக்கொண்டு போனது. இரண்டு உதாரணங்கள். பாரிசின் லூயி லோ பட்டறை 1855-ல் தொடங்கியது. அதன் 1375-ஆம் எண் ஃப்ளூட் 1869-ல் செய்யப்பட்டது. ஆண்டுக்குச் சராசரி நூறுக்குச் சற்றுக் குறைவு. பாஸ்டனின் பவல் 1927-ல் தொடங்கினார். அவருடைய 365-ஆம் எண் 1939-ல் வந்தது. ஆண்டுக்கு முப்பது. அடுத்து ஒரு மாணவர் ஃப்ளூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எண் லட்சக்கணக்கில் போகும். ஆறிலக்க எண்ணைப் பார்த்ததும் கைப்பட்டறைக் கருவி இல்லை என்று ஓரளவு ஊகிக்கலாம். அதற்கு மேல் நிறுவனத்தின் எண் பட்டியல் வேண்டும். பட்டியல் இருந்தாலும் ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் பொறித்த நாளும் விற்ற நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் எண்ணை மறுபடி முதலிலிருந்து தொடங்கியும் இருக்கின்றன.

காப்புரிமை ஆண்டைத் தயாரிப்பு ஆண்டாக எடுத்துக்கொள்ளும் தவறும் அடிக்கடி நடக்கிறது. பாஸ்டனின் ஹெய்ன்ஸ் நிறுவன ஃப்ளூட்டுகளில் 1914 என்ற காப்புரிமை ஆண்டைக் காணலாம். குழாய்ச் சுவரிலிருந்தே துளையின் கழுத்தை, அதாவது துளையைச் சுற்றி எழும் விளிம்பை, இழுத்து உருவாக்கும் முறைக்கான உரிமை அது. அதைத் தாங்கிய கருவி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம்.

நாட்டின் பெயரிலிருந்து காலத்தை ஊகிக்க முடியுமா?

முடியும், நல்ல துப்பு அது. 1891 முதல் அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று பொறித்திருந்தால் போருக்குப் பின், 1952-க்குள். பெட்டிக்குள் ஒட்டிய தாளில் ‘நிப்பான் கக்கி’ என்ற பெயர் இருந்தால் அது யமஹாவின் பழைய நிறுவனப் பெயர், 1987-ல்தான் யமஹா கார்ப்பரேஷன் என்று மாறியது. அமெரிக்க முகவரியில் ஐந்திலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அந்தத் தாள் 1963-க்குப் பிந்தையது.

‘பாஸ்டன்’ என்று பொறித்திருக்கிறது. விலை உயர்ந்ததா?

இருக்கலாம். உலகில் ஃப்ளூட் என்றால் பாஸ்டன் என்று சொல்லும் அளவுக்கு அந்த ஊருக்குப் பெயர் உண்டு. வில்லியம் ஹெய்ன்ஸ் தன் சகோதரர் ஜார்ஜோடு 1888-ல் அங்கே தொழில் தொடங்கினார். அவரிடம் மேற்பார்வையாளராக இருந்த வெர்ன் பவல் 1927-ல் தனியே பட்டறை வைத்தார். இந்த இரண்டு பெயர்களும் நிஜமாகவே மதிப்புள்ளவை. அவை இருந்தால் நிதானமாக, நல்ல படங்களோடு, இந்தக் கருவிகளைத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் விற்காதீர்கள்.

ஆனால் பாஸ்டனில் வேறு தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். கண்டி-பெட்டனி நிறுவனத்தின் கருவிகளிலும் பாஸ்டன் என்றுதான் இருக்கும், அவற்றின் விலை வேறு. ‘ஹெய்ன்ஸ்’ என்ற குடும்பப் பெயரும் ஒன்றுக்கு மேற்பட்ட தொழில்களில் வருகிறது. வில்லியமின் பெயர்ச்சுருக்கத்தோடு முழு நிறுவனப் பெயரும் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

ஹெய்ன்சுக்குள்ளேயே படிகள் உண்டு. துளைக் கழுத்தைக் குழாயிலிருந்து இழுத்துச் செய்த மாதிரி ஒன்று. தனியே வளையம் செய்து ஈயப்பற்று வைத்து ஒட்டிய கைவேலை மாதிரி இன்னொன்று. கீயைத் தூக்கிவிட்டுக் கழுத்தின் அடியைப் பாருங்கள். வளைந்து வழுக்கிக்கொண்டு போனால் இழுத்தது, மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால் ஒட்டியது. பொதுவாக ஒட்டியதற்கு விலை அதிகம். ஒரே பெயர் பொறித்த இரண்டு ஃப்ளூட்டுகள் வெகுவாக வேறுபட்ட விலைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய பாஸ்டன் கருவிகளின் துளை அமைப்பு இன்றைய காதுக்குச் சற்றுச் சுருதி விலகியே இருக்கும். லண்டனின் ஃப்ளூட் தயாரிப்பாளர் ஆல்பர்ட் கூப்பர் கணக்கிட்ட துளை அளவுகள் 1970-களில் பவல் பட்டறைக்குள் வந்த பிறகு நிலைமை மாறியது. இசைக்குழுவில் வாசிக்க வாங்குகிறவர் அதற்கு முந்தைய கருவியைத் தயங்கித்தான் எடுப்பார். சேகரிப்பவர் தயங்க மாட்டார்.

‘எல்க்ஹார்ட், இண்டியானா’ என்றால்?

அமெரிக்காவின் காற்றிசைக் கருவித் தொழிற்பேட்டை என்றே சொல்லலாம். கான், செல்மர், ஆம்ஸ்ட்ராங், ஆர்ட்லி, ஜெமைன்ஹார்ட் எல்லாம் அந்த ஊர்தான். ‘பண்டி’ என்று இருந்தால் அது செல்மரின் மாணவர் வரிசை. அந்த நிறுவனத்தை நடத்திய ஜார்ஜ் பண்டியின் பெயர் அது. பள்ளி இசைக்குழுக்களுக்காக ஏராளமாகச் செய்யப்பட்டவை என்பதால் பரணில் கிடைக்கும் ஃப்ளூட்டுகளில் இவையே அதிகம். எண்ணிக்கை அதிகம் என்பதால் விலை குறைவு.

ஜெமைன்ஹார்ட் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. கர்ட் ஜெமைன்ஹார்ட் ஜெர்மனியிலிருந்து 1928-ல் கான் நிறுவனத்துக்கு வேலைக்கு வந்து, 1948-ல் சொந்தத் தொழில் தொடங்கியவர். அவருடைய மாதிரிப் பெயர்களில் எண்ணைத் தொடர்ந்து எழுத்துகள் வரும். எஸ் என்பது வெள்ளி. எஸ்ஸுக்குப் பின் எச் வந்தால் தலை மட்டும் வெள்ளி. கடைசியில் ‘பி’ என்று ஒலிக்கும் எழுத்து வந்தால் எது என்று உற்றுப் பாருங்கள். ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தானால் கால் நீளமானது, ஒரு சுரம் கூடுதலாகக் கீழே போகும். பதினாறாம் எழுத்தானால் வெறும் முலாம். தொலைபேசியில் விலை பேசும்போது இரண்டும் காதில் ஒன்றாகத்தான் விழும். படத்தைக் கேளுங்கள்.

ஆம்ஸ்ட்ராங் 104 மாணவர் கருவி. அதே பெயரில் வந்த ஹெரிடேஜ் வரிசை கைவேலை.

யமஹா எண்களை எப்படிப் படிப்பது?

நிறுவனங்களிலேயே தெளிவானது இதுதான். ஒய்.எஃப்.எல். என்ற மூன்று எழுத்துக்குப் பின் வரும் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 2-ல் தொடங்கினால் முலாம் பூசிய மாணவர் வரிசை. 3-ல் தொடங்கினால் தலை வெள்ளி. 4-ல் தொடங்கினால் தலை, உடல், கால் மூன்றும் வெள்ளி. 200 வரிசையிலேயே பின்னால் எஸ் சேர்ந்த மாதிரிகளில் தலை மட்டும் வெள்ளி, என் சேர்ந்தவற்றில் நிக்கல் முலாம்.

பிள்ளைக்கு முதல் கருவி தேடும் பெற்றோருக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த 200 வரிசையைத்தான். உதிரிப்பாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பார், விற்கும்போதும் போட்ட காசில் பெரும்பங்கு திரும்பும். இருபது வயதான 221, பேடு மாற்றியிருந்தால், பெயர் தெரியாத புதிய ஃப்ளூட்டைவிட எவ்வளவோ நல்லது.

முராமட்சு என்று இருக்கிறது. கேள்விப்பட்டதில்லையே?

ஜப்பானில் முதல் ஃப்ளூட்டைச் செய்தவர் கொய்ச்சி முராமட்சு, 1923-ல். இன்று உலகின் பெரிய இசைக்குழுக்களில் வாசிக்கிறவர்கள் கையில் இருக்கும் பெயர் அது. மாதிரியைக் குறிக்கும் இரண்டெழுத்தைத் தேடுங்கள். இ.எக்ஸ். என்றால் தலை வெள்ளி, உடல் முலாம். டி.எஸ். என்றால் முழு வெள்ளி, இழுத்த துளைக் கழுத்து. எஸ்.ஆர். என்றால் முழு வெள்ளி, ஒட்டிய கழுத்து. இந்த மூன்றுக்கும் இடையே விலை ஏறிக்கொண்டே போகும். சான்கியோ, மியசாவா, ஆல்டஸ் என்ற பெயர்களையும் தயவுசெய்து பெயர் தெரியாத பொருளென்று தள்ளிவிடாதீர்கள்.

பாரிஸ் அல்லது லண்டன் பெயர் உள்ள மிகப் பழைய கருவி?

லூயி லோவின் பெயர் தொடர்ந்தது, ஆனால் பட்டறை கைமாறிக்கொண்டே போனது. அவர் ஒதுங்கிய பின் அடுத்தடுத்து வந்த உரிமையாளர்களும் அதே பெயரைத்தான் பொறித்தார்கள். ஆகவே ‘லூயி லோ’ என்பது ஒரு மனிதரின் கைவேலை என்று உறுதி ஆகாது. இங்கே சீரியல் எண்தான் பேசும். முந்தைய எண்களைத் தேடுகிறவர்கள் அதிகம்.

லண்டனில் ருடால் அண்டு ரோஸ் என்று தொடங்கிய நிறுவனம், பிறகு கார்ட் என்பவர் சேர்ந்து, 1870-களில் ரோஸ் பெயர் நீங்கி, ருடால் கார்ட் ஆனது. பெயர் எந்த வடிவில் இருக்கிறது, எந்தத் தெரு என்பதை வைத்தே காலத்தை நெருங்கலாம். 23, பெர்னர்ஸ் தெரு என்ற முகவரி 1878 முதல் வருகிறது.

எல்.பி., எச்.பி. என்று இரண்டெழுத்து இருக்கிறது. என்ன அது?

மிக முக்கியமான முத்திரை. மிக அதிகமாகக் கண்ணில் படாமல் போவதும் இதுதான். எல்.பி. என்றால் தாழ்ந்த சுருதி, அதாவது ஏ சுரத்துக்கு 440-ஐ ஒட்டிய அதிர்வு. எச்.பி. என்றால் உயர்ந்த சுருதி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை பிரிட்டிஷ், அமெரிக்க பேண்டுகள் பல 452-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் வாசித்தன. அந்தச் சுருதிக்குச் செய்த ஃப்ளூட் இன்று எந்தக் குழுவோடும் சேராது. தலையை வெளியே இழுத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழாய் முழுவதும் துளைகளின் இடைவெளி உயர்ந்த சுருதிக்காகக் கணக்கிட்டது. தலையை இழுத்தால் ஒரு சுரம் சேரும், மற்றவை விலகும்.

முத்திரை இல்லாவிட்டால் அளந்து பாருங்கள். வாய்த்துளையின் நடுவிலிருந்து காலின் முனைவரை, சாதாரணக் கால் உள்ள இன்றைய ஃப்ளூட்டில் 60 சென்டிமீட்டர் அளவில் வரும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் சந்தேகப்படுங்கள். புகழ்பெற்ற பெயர் இருந்தும் விலை போகாத கருவிகளில் பல இந்த வகை.

இதே போன்ற சிக்கல் பிக்கலோ என்ற சிறிய ஃப்ளூட்டிலும் உண்டு. பழைய அமெரிக்க பேண்டு பிக்கலோக்கள் டி ஃப்ளாட் சுருதியில் இருக்கும், இன்று எழுதப்படும் இசைக்கு சி சுருதிதான் வேண்டும். பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வாங்குவோர் குறைவு.

மரத்தில் செய்தது, ‘மேயர்’ என்று இருக்கிறது?

ஹனோவரின் மேயர் செய்த கூம்பு வடிவ மரக்குழல் 19-ஆம் நூற்றாண்டில் பெரும் புகழ் பெற்றது. புகழ் பெற்றதால் ஜெர்மன் பட்டறைகள் அதே வடிவில் ஆயிரக்கணக்கில் செய்து ‘மேயர்’ என்றோ ‘மேயர் முறைப்படி’ என்றோ பொறித்து அனுப்பின. கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. வெடிப்பு இல்லாமல் இருந்தால் அழகான கருவி, சிறிய விலை.

யானைத்தந்தத் தலை உள்ளதோ, பிரேசில் ரோஸ்வுட்டில் செய்ததோ என்றால் வேறு நாட்டுக்கு அனுப்பி விற்பதற்கு முன் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளவை. பழையது என்பதால் மட்டும் சுங்கத்தில் விடமாட்டார்கள்.

தலையில் ஒரு பெயர், உடலில் ஒரு பெயர். ஏமாற்றா?

அவசரப்பட வேண்டாம். தேர்ந்த வாசிப்பாளர்கள் தலையை மட்டும் தனியே வாங்கி மாற்றுவது வழக்கம். ஒலியின் பெரும்பகுதி தலையில்தான் பிறக்கிறது. நல்ல பட்டறையின் தலையாக இருந்தால் அது உடலைவிட அதிக விலை பெறுவதும் உண்டு. பழைய தலை பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் மதிப்பு கூடும்.

உடலிலும் காலிலும் எண் வேறுபட்டால் அது வேறு கதை. இரண்டு உடைந்த கருவிகளிலிருந்து ஒன்றைத் தேற்றியிருக்கிறார்கள். வாசிக்க வாங்கலாம், சேகரிக்க வாங்க வேண்டாம். எண்ணையே அரத்தால் தேய்த்து அழித்திருந்தால் என்ன விலை சொன்னாலும் விலகிப் போய்விடுங்கள், அது திருட்டுப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எல்லாம் படித்தாயிற்று. விலையை எப்படிக் கணக்கிடுவது?

அதே மாதிரி கருவி என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள். என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது வேறு. கேட்கும் விலை ஆசை, யாரோ பணம் கொடுத்து எடுத்துப்போன விலைதான் சந்தை. ஏல இணையதளங்களில் முடிந்த விற்பனைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்க வழி இருக்கிறது. ஐந்தாறு விற்பனைகளைப் பார்த்தால் போதும், ஒரு வரம்பு பிடிபடும்.

அந்த விலை, வாசிக்கும் நிலையில் உள்ள கருவிக்கு. உங்கள் கருவி அப்படி இருக்கிறதா? பல ஆண்டுகள் மூடிக் கிடந்த ஃப்ளூட் எதுவும் அப்படி இருக்காது. அதுவும் நம் கடலோர ஈரத்தில் பேடுகள் ஊதி, சவ்வு கிழிந்து, கார்க் சுருங்கியிருக்கும். முழுப் பேடும் மாற்றிச் சரிசெய்ய ஆகும் செலவை, ஒரு பழுதுபார்ப்பவரிடம் எழுத்தில் வாங்கி, சந்தை விலையிலிருந்து கழியுங்கள். மாணவர் கருவிகளில் பல சமயம் மிஞ்சுவது கொஞ்சம்தான், சில சமயம் ஒன்றுமே மிஞ்சாது. இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, தாத்தாவின் நினைவாக வைத்திருந்த பொருள் என்றால் இன்னும் கஷ்டம். ஆனாலும் பொய்யான எண்ணைச் சொல்லி அனுப்புவதைவிட இது மேல்.

பிறகு உடலைப் பாருங்கள். குழாயில் சிறு நெளிவு சரிசெய்யக்கூடியது. குழாயே வளைந்திருந்தால், துளைக் கழுத்து கோணலாகியிருந்தால், வாய்த்துளையின் விளிம்பு அடிபட்டிருந்தால் பாதி விலைக்கும் கீழே இறங்கும். வாய்த்துளை விளிம்பு நகக்கீறல் அளவு கெட்டாலும் ஒலி மாறும், அதைப் பழையபடி ஆக்க முடியாது.

கடைக்காரர் சந்தை விலையில் பாதிக்கு அருகே கேட்டால் கோபப்பட வேண்டாம். பழுதுச் செலவு, வைத்திருக்கும் காலம், விற்ற பின் பொறுப்பு எல்லாம் அவருடையது. காப்பீட்டுக்கு எழுதும் மதிப்பு இதற்கு நேர்மாறு: அதே தரத்தில் இன்னொன்று வாங்க எவ்வளவு ஆகும் என்பது. அதை விற்பனை விலை என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

திறந்த துளைக் கீகள் (நடுவில் துளையுள்ளவை), நீளமான கால், ஈ சுரத்துக்கான கூடுதல் அமைப்பு ஆகியவை இடைநிலை, தொழில்முறைக் கருவிகளில் விலையைக் கூட்டும். தொடக்கநிலைக் கருவியில் பெரிதாக ஒன்றும் செய்யாது.

வெள்ளி விலை ஏறியிருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?

முழு வெள்ளி ஃப்ளூட் சுமார் 400 கிராம். அதிலிருந்து எஃகுக் கம்பி, பேடு, கார்க் போக, மீதியில் 92.5 சதவீதம் வெள்ளி, அதிலும் கடைக்காரர் கழிக்கும் கழிவு. அந்தக் கணக்கைப் போட்டு, கருவியாக விற்றால் வரும் விலையோடு ஒப்பிடுங்கள். நல்ல பட்டறையின் கருவி என்றால் உருக்குவது பெரும்பாலும் நஷ்டம். நஷ்டம் இல்லாத இடத்திலும் வேண்டாம் என்றுதான் கெஞ்சிக் கேட்பேன்.

மேலே சொன்ன லூயி லோ 1375-ஆம் எண் ஃப்ளூட் தங்கத்தில் செய்தது. 1948-ல் அது ஒரு பழம்பொருள் வணிகரிடம் இருந்தது. தங்கத்துக்காக உருக்கிவிட நினைத்திருந்தார் அவர். பிரெஞ்சு ஃப்ளூட் கலைஞர் ழான்-பியேர் ராம்பால் அதை மீட்டு எடுத்தார். உருகியிருந்தால் ஒரு கட்டித் தங்கம், அவ்வளவே. அதன் பிறகு அது எத்தனை மேடைகளில் ஒலித்தது!

ஒரு ஃப்ளூட் அதிகபட்சம் எவ்வளவுக்குப் போயிருக்கிறது?

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது பவலின் 365-ஆம் எண். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகப் பிளாட்டினத்தில் செய்தது. ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவின் வில்லியம் கின்கெய்ட் அதை வாங்கி வாசித்தார். 1986-ல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 1,87,000 டாலருக்குப் போனது. உலோகம், கண்காட்சி, வாசித்தவர் மூன்றும் ஒரே கருவியில் கூடியதால் வந்த விலை அது. சான்றோடு கூடிய வரலாறு விலையைக் கூட்டும். “பெரிய வித்வான் வைத்திருந்தது என்று சொல்வார்கள்” என்ற வாய்மொழி கூட்டாது. பழைய ரசீது, கடிதம், பழுதுபார்த்த சீட்டு எதுவானாலும் பெட்டியிலிருந்து எடுத்து எறியாதீர்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது மூங்கில் புல்லாங்குழல். 4½ என்று எழுதியிருக்கிறது. இது தயாரிப்பு எண்ணா?

இல்லை, அது சுருதி. கர்நாடக இசையில் 1 கட்டை மேற்கத்திய சி சுரத்துக்குச் சமம், 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 4½ கட்டை எஃப் ஷார்ப், 5 கட்டை ஜி. குழலைச் செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆகவே எண்ணை வைத்து வயதையோ விலையையோ சொல்ல வழியில்லை. வெடிப்பு, பூச்சி அரிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சுருதிப்பெட்டியோடு ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ், நடு, மேல் மூன்று ஸ்தாயியிலும் சுரம் சுத்தமாகச் சேருகிறது என்றால் நல்ல குழல்.